பத்தாயிரம் பவுண்டு டெல்மர்

டெல்மர் ஃப்யூகேட் தன் நாய்க்கு அவுன்ஸ் என்று பெயர் வைத்திருந்தார். நாயின் எடை பத்தொன்பது பவுண்டு. இருபதைத் தொட்டால் அன்று அதற்குப் பாதித் தட்டுதான். அவரும் மனைவி லவோனும் நாயும் வருடத்தில் ஐந்து மாதம் குடியிருந்தது ஒரு கேம்பரில். பிக்கப் வண்டியின் பின்தொட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, அங்கே தட்டையாக ஒரு மேடையைப் போட்டு, அதன்மேல் ஏற்றி வைத்த பெட்டி வீடு அது. எடை போடப்படாமல் அதற்குள் நுழைந்தவை ஈக்கள் மட்டும்தான்.

அறுபத்தாறு வயது மனிதருக்கு இந்தக் கிறுக்கு சும்மா வந்துவிடவில்லை. முப்பத்தொரு வருடம் ஐடஹோ மலைச்சாலை ஒன்றில் லாரிகளை நிறுத்தி எடை போட்டவர் அவர். உருளைக்கிழங்கு லாரி, மர லாரி, மாட்டு லாரி, எதுவானாலும் சக்கரங்களை எடைத்தட்டுகள்மேல் ஏற்றச் சொல்லி, வந்த நம்பரை நாலு பேருக்குக் கேட்கும்படி உரக்க வாசிப்பார். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை கிடையாது. ஓட்டுநர் அழுதாலும் சரி, பொண்டாட்டி சுட்டுக் கொடுத்த ஆப்பிள் கேக்கை எடுத்து நீட்டினாலும் சரி. "நம்பர் பேசிடுச்சு. அப்புறம் நான் எதுக்குப் பேசணும்?" என்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், வீட்டுக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்த ஓர் ஓட்டுநரை அறுநூறு பவுண்டு கூடுதலாக இருந்தும் பாவம் பார்த்து அனுப்பிவிட்டார். மலை இறக்கத்தில் பிரேக் தீய்ந்து லாரி பள்ளத்துக்குப் போய்விட்டது. ஓட்டுநர் பிழைத்தார். அவருடைய இடது கால் பிழைக்கவில்லை. அந்த ஒரு காலுக்கு டெல்மர் மிச்ச முப்பது வருடமும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். இதைச் சொல்லாமல் அவரைக் கேலி மட்டும் செய்தால் பாவம் பிடிக்கும். சொல்லியாகிவிட்டது, இனி தாராளமாகக் கேலி செய்யலாம்.

பணி ஓய்வு பெற்ற அன்று கைக்கடிகாரம் கொடுப்பார்கள் என்று லவோன் எதிர்பார்த்தாள். நாலு பழைய எடைத்தட்டுகளைக் கொடுத்தார்கள். அலுவலகத்துக்குப் புதுத் தட்டுகள் வந்துவிட்டன, பழையதைத் தள்ளிவிட ஆள் தேடியிருக்கிறார்கள் என்பது அவளுக்குப் பார்த்தவுடன் புரிந்தது. தூக்கிவந்த இரண்டு பையன்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டெல்மருக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் தன் கையில் இருந்தது தன்னோடேயே வருகிறதே என்று.

அதே மாதம்தான் கேம்பர் வாங்கப் போனார்கள். அவர்களுடைய பிக்கப் வண்டியின் கதவு இடுக்கில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். வண்டி, ஆள், நாய், தண்ணீர், டீசல், கேம்பர் எல்லாம் சேர்ந்து பத்தாயிரம் பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். அந்தச் சீட்டை டெல்மர் வாரம் ஒரு முறை துடைத்து வைப்பார். விற்பவன் இரண்டு அமைப்புகளைக் காட்டினான். ஒன்றில் கதவு வைத்த சின்னக் கழிவறை இருந்தது. இன்னொன்றில் இல்லை. இல்லாதது நூற்று அறுபது பவுண்டு குறைவு. அதைக் கேட்டவுடனேயே டெல்மர் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"அப்ப கக்கூஸ்?" என்றாள் லவோன்.

"உக்கார்ற எடத்துக்கு அடியில வாளி இருக்கு பாரு."

"கதவு?"

"எதுக்குக் கதவு? நம்ம ரெண்டு பேர்தானே."

"அதனாலதான் கதவு கேக்கறேன்."

கேட்டதோடு சரி. வாளி வைத்த கேம்பர்தான் வீட்டுக்கு வந்தது. பின்பக்கக் கதவைத் திறந்து ஏறினால் இடது கையில் அடுப்பும் பாத்திரத் தொட்டியும். வலது கையில் இரண்டு இருக்கைகளும் நடுவே ஒரு மேசையும். நேர் எதிரே, ஓட்டுநர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கை. ஓர் இருக்கையின் மெத்தையைத் தூக்கினால் வாளி. காலையில் அதே மெத்தையில் உட்கார்ந்துதான் ஓட்ஸ் கஞ்சி குடிக்க வேண்டும். கணவன் மூன்றடி தூரத்தில் படுத்துக்கொண்டு பேச்சுக் கொடுக்கும்போது வாளிமேல் உட்கார லவோனுக்கு மனம் வரவில்லை. ஆறு வருடமாக அவள் வெளியேதான் போய் வந்துகொண்டிருந்தாள். போன அக்டோபரில் இருட்டில் பின்படியிலிருந்து கால் தவறி விழுந்து முழங்காலில் தையல் போட்டுக்கொண்டாள்.

டெல்மர் கெட்டவர் இல்லை. அந்த முழங்காலுக்கு இரண்டு வாரம் ஒத்தடம் கொடுத்தவர் அவர்தான். ஒத்தடத் துண்டை நனைப்பதற்கு முன்னால் ஒரு முறையும் நனைத்த பிறகு ஒரு முறையும் எடை போட்டுப் பார்த்தார் என்று லவோன் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள். அது பொய். ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள்.

ஜனவரி பிறந்தால் அரிசோனாவில் குவார்ட்ஸைட் பக்கத்துப் பாலைவனத்தில் இந்தப் பெட்டி வீட்டுக்காரர்கள் கூடுவார்கள். நாற்பது வண்டியாவது வரும். அங்கே சனிக்கிழமை காலை டெல்மரின் எடைத் திருவிழா. ஒவ்வொருவரும் தண்ணீர்த் தொட்டியைக் கழுத்துவரை நிரப்பி, ஆள் நாய் சகிதம் வண்டியில் ஏறி, நாலு சக்கரத்தையும் நாலு தட்டில் நிறுத்த வேண்டும். நாலு தட்டிலிருந்தும் வருகிற ஒயர்கள் ஒரு கைப்பெட்டியில் சேரும். பெட்டி காட்டும் நம்பரை டெல்மர் பழைய உத்தியோகக் குரலில் வாசிப்பார். கூடுதலாக இருந்தால் அங்கேயே, எல்லார் கண் முன்னாலேயே சாமான்களை இறக்கியாக வேண்டும். இறக்கியவற்றை இனாம் மேசையில் வைத்துவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வைத்தவர் மட்டும் எடுக்கக் கூடாது. கீழே இறங்கியது மேலே ஏறாது என்பது டெல்மர் போட்ட விதி. ஊர் அவரை ஆபீசர் என்றுதான் கூப்பிட்டது.

முதல் வருடமே அந்த விதி அவர் வீட்டுக்குள்ளும் பாய்ந்தது. ஓரிரண்டு பவுண்டு கூடுதலாகக் காட்டியது என்று லவோனின் வார்ப்பிரும்புச் சட்டியை எடுத்து இனாம் மேசையில் வைத்துவிட்டார். ஐந்தரை பவுண்டு. அவள் சோளரொட்டி சுடுகிற சட்டி. பக்கத்து வண்டிக்காரர் ஹாலிஸ், டெக்ஸஸிலிருந்து வருகிறவர், தொப்பையும் வாயும் சம அளவு, மேசையில் சட்டி ஆறுவதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் அதே சட்டியில் சோளரொட்டி சுட்டு, முதல் துண்டை லவோனுக்குக் கொடுப்பார். அவள் ரொட்டியைத் தின்றுகொண்டே சட்டியைப் பார்ப்பாள்.

இந்த வருடம் லவோன் ஒரு திட்டத்தோடு வந்திருந்தாள். ஓரிகானில் கேம்பர் கட்டுகிற மேரன் என்ற பெண், இரண்டு புது மாதிரிகளைக் கூட்டத்துக்குக் கொண்டு வருவதாக எல்லோருக்கும் தாள் அனுப்பியிருந்தாள். ஒன்றில் கதவு வைத்த கழிவறை. தேன்கூடு மாதிரி உள்ளே துளையான பலகையில் கட்டியது என்பதால், இவர்களுடைய பழைய பெட்டியைவிட முப்பது பவுண்டுதான் அதிகம். போன வருடத் திருவிழாவில் இவர்கள் வண்டி 9,960. லவோன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். முப்பது சேர்த்தாலும் உள்ளேதான் நிற்கிறது. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் இடம் இருந்தது.

வியாழக்கிழமை, முகாமுக்கு நாலு மைல் முன்னால் லாரிக்காரர்கள் நிற்கிற பெட்ரோல் பங்கில் தண்ணீரும் டீசலும் நிரப்பினார்கள். அங்கே ஒரு எடைமேடை இருந்தது. வாடகைத் தராசு என்று அந்த மேடைகளை டெல்மர் மதிக்கவே மாட்டார், ஒரு நாளும் ஏறியதில்லை.

"இதுல ஏத்து," என்றாள் லவோன்.

"எதுக்கு? சனிக்கிழமை நம்ம தட்டுலயே போட்டுக்கலாம்."

"சனிக்கிழமை நீ ஏதாவது நொட்டை சொல்லுவ. இடம் இருக்குன்னு இங்கயே அச்சடிச்ச சீட்டு வாங்கிக்கறேன்."

ஏற்றினார். சீட்டு வந்தது. 10,140.

டெல்மர் சீட்டை இரண்டு முறை படித்தார். பிறகு மஞ்சள் சீட்டைப் படித்தார், அது மாறியிருக்குமோ என்று. பிறகு மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் லாரிக்காரர்களைப் பார்த்த அதே பார்வை.

"என்ன ஒளிச்சு வச்சிருக்க?"

"நானா?"

பங்கின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி முழுப் பெட்டியையும் சோதனை போட்டார். மெத்தைகளை உருவினார், இழுப்பறைகளை உருவினார், வாளிக்குள்கூட டார்ச் அடித்துப் பார்த்தார். லவோனின் தலையணை உறைக்குள் ஒரு தடித்த நாவலும், பீச் பழ ஜாம் ஒரு பாட்டிலும், ஒரு ஜோடி செருப்பும் அகப்பட்டன. கையில் வைத்தே எடை சொன்னார்.

"நாலு பவுண்டு. மீதி நூத்தி முப்பத்தாறு எங்க?"

"என் வயித்துல இருக்கு, வெட்டிப் பாரு."

"லவோன், நம்ம ஓவர்லோடு. இதுல நீ இன்னும் முப்பது பவுண்டுக்குக் கக்கூஸ் வேணுங்கற."

லாரிகள் வந்து போய்க்கொண்டிருந்தன. லவோன் ஜாம் பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"இங்க பாரு மனுஷா. எனக்கு அறுபத்து நாலு ஆச்சு. ஆறு வருஷமா குளிர்ல முள்ளுச் செடிக்குப் பின்னாடி உக்காந்துட்டு வரேன். முட்டியில ஒன்பது தையல். சனிக்கிழமைக்குள்ள கதவு வச்ச கக்கூஸ் வரணும். வரலன்னா நான் பஸ் ஏறி பாய்ஸில என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன். உன் வண்டி நூத்தி நாப்பது பவுண்டு குறைஞ்சுடும், சந்தோஷமா இரு."

"நீ நூத்தி நாப்பத்திரண்டு," என்று டெல்மர் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

முகாம் வரைக்கும் நாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தது. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது டெல்மருக்குத் தெரியும். நாற்பத்தொரு வருடத்தில் அவள் இரண்டு முறைதான் இப்படித் தாழ்ந்த குரலில் பேசியிருக்கிறாள். முதல் முறை பேசியதன் விளைவாக அவர் சிகரெட்டை விட்டார். இரண்டாவது முறை, அவருடைய தம்பி மூன்று மாதம் அவர்கள் சோபாவில் படுத்திருந்ததற்கு முடிவு வந்தது.

வெள்ளிக்கிழமை மேரனின் இரண்டு கேம்பர்களையும் பார்க்கப் போனார்கள். நாற்பது வயதுக்காரி, கையில் பசைத் தழும்புகள், பேச்சில் சுற்றி வளைத்தல் இல்லை. டெல்மர் அளவு நாடாவும் மீன் தூக்கிப் பார்க்கிற சுருள்வில் தராசும் எடுத்து வந்திருந்தார். அலமாரிக் கதவு ஒன்றைக் கீலிலிருந்து கழற்றித் தராசில் தொங்கவிட்டார்.

"மாட்டிடுவீங்களா ஆபீசர், இல்ல வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?" என்றாள் மேரன்.

முதல் கேம்பருக்குப் பின்பக்கக் கதவு. ஒரு பக்கம் முழுக்க நீள அடுப்படி, மறுபக்கம் சுற்றி உட்காருகிற இருக்கை, கழிவறைக்கு இடமில்லை. பழையதைவிடத் தொண்ணூறு பவுண்டு குறைவு. அந்த நம்பரைக் கேட்டதும் டெல்மரின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் குனிந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டி பின்சக்கர அச்சுக்கும் பின்னால் இருந்தது.

"இருநூத்தம்பது பவுண்டு தண்ணிய வால்ல கட்டினா வண்டி மூக்கத் தூக்கும்மா."

"அதனாலதான் அடுத்தத பாருங்கன்னு சொல்றேன்," என்றாள் மேரன்.

இரண்டாவதற்குப் பக்கவாட்டில் கதவு. படி அகலமாக, தாழ்வாக இருந்தது. கதவைத் திறந்தவுடன் வலது கையில் கழிவறை, சேற்றுச் செருப்பையும் அங்கேயே விட்டுக் கால் கழுவிக்கொள்ளலாம். அடுப்படி பின்சுவரோரம். இருக்கைகள் முன்னால், படுக்கைக்கு அடியில். கனமானதெல்லாம், தண்ணீரும் பேட்டரியும், பின்னச்சுக்கு முன்னால் தரையோடு தரையாக. டெல்மர் மண்டியிட்டுப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படாததில் அவருக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. யாரோ யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்.

எழுந்து பார்த்தால் லவோனைக் காணவில்லை. கழிவறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள்.

"லவோன்?"

"இருக்கேன்."

"தண்ணி விடல, அதை உபயோகிக்கக் கூடாது."

"உபயோகிக்கல. சும்மா உக்காந்திருக்கேன்."

இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். மேரன் வேறு ஆட்களிடம் பேசப் போய்விட்டாள். டெல்மர் வெளியே படியில் உட்கார்ந்து காத்திருந்தார். அவள் அழவில்லை, பாட்டும் பாடவில்லை, ஒரு சத்தமும் இல்லை. ஆறு வருடக் கேம்பர் வாழ்க்கையில் தங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கதவு சாத்தியிருப்பது இதுதான் முதல் தடவை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் 10,140 என்ற நம்பரும் சட்டைப் பையில் இருந்தது. அந்த ஓட்டுநரின் கால் ஞாபகத்துக்கு வந்தது. ஓவர்லோடு வண்டியில் முப்பது பவுண்டு என்ன, மூன்று பவுண்டு ஏற்றவும் அவரால் முடியாது.

லவோன் வெளியே வந்தாள்.

"என்ன சொல்ற?"

"நம்பர் இடம் கொடுக்கலையே."

"சரி," என்றாள். சாயங்காலம் பஸ் நேரம் விசாரித்து வந்தாள். ஞாயிறு காலை எட்டேகால்.

சனிக்கிழமை திருவிழா. டெல்மர் நாலு தட்டுகளையும் வண்டியிலிருந்து இறக்கி, மணலைச் சமன் செய்து, வழக்கம்போலப் பலகை போட்டு வைத்தார். வண்டிகள் ஒவ்வொன்றாக ஏறின. வரம்பு பதினோராயிரமுள்ள ஹாலிஸ் வண்டி எப்போதும்போல முன்னூறு சொச்சம் கூடுதல்.

"பதினோராயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு," என்று டெல்மர் வாசித்தார்.

"அதுல பாதி என் அழகு, ஆபீசர்," என்று சொல்லிவிட்டு ஹாலிஸ் பீர்ப் பெட்டிகளை இறக்க ஆரம்பித்தார்.

கடைசியாக ஆபீசரின் வண்டி. தண்ணீர் தளும்ப நிரப்பியாயிற்று. பங்கிலிருந்து நாலு மைல் வந்ததில் டீசல் குறையவில்லை. லவோன் ஒரு பக்கம், நாய் நடுவில், டெல்மர் ஓட்டுநர் இருக்கையில் கைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு. தலையணை உறைக்குள் நாவலும் ஜாமும் செருப்பும் திரும்பிப் போயிருந்தன என்பது அவருக்குத் தெரியும், எடுக்கச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. வண்டி ஏறி நின்றது. அவர் பெட்டியைப் பார்த்தார்.

"ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலு."

கூட்டம் கை தட்டியது. டெல்மருக்கு உயிர் வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பங்க்கு மேடை மோசம்னு நான் அப்பவே சொன்னேன்ல? வாடகைத் தராசு. நூத்தி எழுபத்தாறு பவுண்டு பொய் சொல்லுது," என்றார்.

"லாரிக்காரங்க அத்தனை பேரும் அதுலதான் போடறாங்க, ஒருத்தனும் குறை சொன்னதில்ல," என்றார் ஹாலிஸ்.

லவோன் வண்டியிலிருந்து இறங்கினாள். முழங்காலைத் தடவிக்கொண்டு வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பிறகு ஜன்னலண்டை வந்தாள்.

"மனுஷா, அன்னைக்கும் இதே தண்ணி. இதே டீசல். இதே நாய். இதே கிழவன் கிழவி. அன்னைக்கு வண்டியில இருந்து இன்னைக்கு வண்டியில இல்லாதது எது?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் அப்படியேதான் இருக்கு. தட்டு மட்டும்தான் கீழ…"

வாக்கியம் பாதியில் நின்றது. டெல்மர் கைப்பெட்டியைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகக் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். சக்கரத்துக்கு அடியில் இருந்ததைப் பார்த்தார்.

முப்பத்தொரு வருடம் அந்தத் தட்டுகள் அலுவலக வேனில் வந்து இறங்கும், வேனில் ஏறிப் போகும். எந்த லாரியின் கணக்கிலும் அவை சேர்ந்ததே இல்லை. எடை போடுவதற்கே தட்டைக் கீழே வைக்க வேண்டியிருப்பதால், தட்டின் எடை ஒரு நாளும் தட்டில் ஏறியதே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். டெல்மர் அதை நாலாகப் பிரித்து வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"ஹாலிஸ், ஒரு கை கொடு," என்றாள் லவோன்.

டெல்மர் வண்டியை ரிவர்ஸ் எடுத்து இறக்கினார். ஹாலிஸும் இன்னொருவரும் முக்கி முனகி மூன்று தட்டுகளைத் தூக்கி நாலாவதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். லவோன் கணவனைப் பார்த்தாள்.

"நம்பர் படி, ஆபீசர்."

அவளும் அவரை ஆபீசர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. டெல்மர் இறங்கி வந்து, தொண்டையைச் சரிசெய்து, உத்தியோகக் குரலில்தான் வாசித்தார். வேறு குரல் அவருக்கு வரவில்லை.

"நூற்று முப்பத்திரண்டு."

"அது மூணு. அடியில இருக்கிறதோட நாலு. மொத்தம்?"

"நூற்று எழுபத்தாறு."

ஹாலிஸ் மணலில் விரலால் கூட்டினார். 9,964. 176. அடியில் கோடு இழுத்து 10,140 என்று எழுதினார். லவோன் கணவனின் சட்டைப் பையில் கை விட்டுப் பங்கின் சீட்டை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு கல்லையும் வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வராமல் இல்லை, டெல்மரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள்.

நூற்று அறுபது பவுண்டுக்காக அவளுக்குக் கதவு இல்லை என்று சொன்ன அதே மாதம் நூற்று எழுபத்தாறு பவுண்டைத் தனக்காக ஏற்றியிருக்கிறார். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த ஆறு வருடமும் எத்தனை மலை இறக்கம், அத்தனையிலும் ஓவர்லோடாக இறங்கியவர் அவரேதான். பக்கத்து இருக்கையில் அவளை வைத்துக்கொண்டு. ஹாலிஸ் இறக்கி வைத்த பீர்ப் பெட்டிமேல் டெல்மர் உட்கார்ந்துவிட்டார். ஹாலிஸ் அடியில் இருந்து ஒரு பீரை உருவிக் கையில் கொடுத்தார்.

பாதி குடித்த பிறகு டெல்மர் எழுந்தார்.

"மேரன், பக்கக் கதவு வச்சத கொண்டா."

"எப்ப?"

"இப்ப. நாளைக்கு எட்டேகாலுக்கு பஸ் இருக்கு."

பழையதைக் கொடுத்து மீதியைப் பேசி முடித்தார்கள். நாலு மூலையிலும் ஜாக்கி வைத்துப் பழைய பெட்டியைத் தூக்கி, வண்டியை அடியிலிருந்து நகர்த்தி, புதியதற்கு அடியில் கொண்டுபோய் நிறுத்த மத்தியானம் வரை ஆயிற்று. சாமான்களை லவோன் மாற்றி வைத்தாள். வாளியை மேரனுக்கே இனாமாகக் கொடுத்துவிட்டாள். மறுபடி தண்ணீர் நிரப்பி, நாயோடு ஏறி, தட்டுகள்மேல் கடைசியாக ஒரு தரம் நிறுத்தினார்கள்.

"ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலு," என்று வாசித்தார் டெல்மர். அந்தக் குரலில் இருந்தது சந்தோஷம்தான்.

வண்டி நகர்ந்தது. தட்டுகள் மணலில் கிடந்தன. கீழே இறங்கியது மேலே ஏறாது. யாரும் அவருக்கு அதை ஞாபகப்படுத்தவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கி, நாலு நடை நடந்து, இனாம் மேசையில் கொண்டுபோய் வைத்தார். மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாயங்காலம் வரை ஆட்கள் வந்து ஒரு தட்டின் மூலையைத் தூக்கிப் பார்த்து, நமக்கு எதற்கு என்று கீழே வைத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் மேரன்தான் பட்டறையில் வைத்துக்கொள்கிறேன் என்று தன் டிரெயிலரில் ஏற்றிக்கொண்டாள்.

ஆறு பவுண்டு மிச்சம். டெல்மர் அதை யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உலாத்தினார். பிறகு நேராக ஹாலிஸின் அடுப்பண்டை போனார். ஹாலிஸ் சோளரொட்டி சுட்டு முடித்து, முதல் துண்டை வெட்டப் போகிற நேரம்.

"அந்தச் சட்டி எனக்கு வேணும்."

"எந்தச் சட்டி?"

"நடிக்காத ஹாலிஸ்."

"இறங்கினது ஏறாதுன்னு ஒரு மகராசன் விதி போட்டிருக்கானே, நான் என்ன செய்ய?"

"நான்தான் போட்டேன். நானே எடுத்துடறேன்."

"என் காதுல முணுமுணுத்தா ஆச்சா? வருஷா வருஷம் என் நம்பர எந்தக் குரல்ல படிச்ச? அந்தக் குரல்ல சொல்லு."

டெல்மர் முகாமின் நடுவுக்குப் போனார். கையைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். நாற்பது வண்டிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டெல்மர் ஃப்யூகேட் போட்ட விதி தப்பு. இறங்கினது மேல ஏறலாம்."

சொல்லும்போது காது மடல்கள் சிவந்துவிட்டன. ஹாலிஸ் சட்டியை ரொட்டியோடு ஒரு துண்டில் சுற்றி அவர் கையில் கொடுத்தார். இன்னும் சூடாக இருந்தது.

கேம்பருக்கு வந்தபோது கழிவறைக் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாளும் போட்டிருந்தது. நாய் வாசலில் படுத்திருந்தது. டெல்மர் படியேறி, கதவுக்கு முன்னால் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"லவோன். சட்டி கொண்டு வந்திருக்கேன்."

நாய் எழுந்து வந்து துண்டை முகர்ந்தது.

"அஞ்சரை பவுண்டு. ஆறு மிச்சம் இருந்துச்சு."

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"சோளரொட்டி வாசனை அடிக்குதே. அதையும் சேர்த்து எடை போட்டியா?"

"இல்ல," என்றார் டெல்மர். "போடல."

கதவு திறந்தது.